இன்னொருவாட்டி

அவரிடம் எதையும் ஒரே தடவையில் சொல்லி முடித்துவிட முடியாது. மெயினை அணைத்துவிட்டேன் என்றால் தலையாட்டுவார். நாலடி நடப்பார். திரும்பி நின்று, "ஆஃப் பண்ணியாச்சா?" என்பார். பண்ணியாச்சு என்றால், "இன்னொருவாட்டி சொல்லுங்க" என்பார். சொன்ன பிறகும் தானே போய்ப் பார்த்து, மீட்டர் பெட்டியிலிருந்து பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் ஒயரைத் தொடுவார்.

பாகூரில் அவருடைய நிஜப் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது சந்தேகம். மோட்டார் ரிப்பேருக்கு போன் செய்கிறவர்கள்கூட, "இன்னொருவாட்டியா பேசறது?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அவரும் கோபித்துக்கொள்ளாமல், "ஆமா, யாரு பேசறது, இன்னொருவாட்டி சொல்லு" என்பார்.

நான் ஒதியம்பட்டிலிருந்து ஸ்கூட்டியில் தினமும் பாகூருக்குப் போய்வந்த வருடம் அது. நுண்ணுயிரியலில் எம்.எஸ்சி. முடித்த சூடு ஆறவில்லை. ஒரு பேராசிரியரின் ஆராய்ச்சித் திட்டத்தில் உதவியாளர் வேலை. வயல்களுக்கு நடுவே ஒரு நிலத்துக்காரர், மாட்டுக்கொட்டகையை ஒட்டி உர மூட்டை அடுக்கியிருந்த தகரக் கூரை அறையை எங்களுக்குக் கொடுத்திருந்தார். அங்கே அவருடைய சாண எரிவாயுத் தொட்டி இருந்தது. அதற்காகத்தான் அந்த இடம்.

சாண வாயுவில் எரிகிற பங்கு போக மீதி பெரும்பாலும் கரியமில வாயு. யாருக்கும் வேண்டாதது. ஆனால் ஒருவகை நுண்ணுயிர்கள் இருக்கின்றன. கரி இழையாலான கரிக்கம்பளத்தில் ஒட்டிக்கொண்டு வாழும். அந்தக் கம்பளத்துக்குக் கொஞ்சம் மின்சாரம் கொடுத்தால், அதையே தீனியாக எடுத்துக்கொண்டு, கரியமில வாயுவை உள்ளே இழுத்து, அசிட்டிக் அமிலமாக வெளியே விடும். வினிகரில் இருக்கிற அதே புளிப்பு. சாயப் பட்டறை முதல் மருந்துக் கம்பெனி வரை தேவைப்படுகிற சரக்கு. பெட்ரோலியம் வேண்டாம், கரும்பு வேண்டாம். கூரைமேல் சோலார், கீழே சாணம். இதை யாரிடம் சொன்னாலும் நடுவில் எனக்கு மூச்சு வாங்கும், அவ்வளவு வேகமாகச் சொல்வேன். கேட்பவர்களுக்குப் புரிந்ததா என்று நின்று பார்த்ததில்லை.

ஆறு கண்ணாடிப் பெட்டிகள். ஒவ்வொன்றும் நடுவில் ஒரு மெல்லிய சவ்வு வைத்து இரண்டாகப் பிரித்தது. ஒரு பக்கம் நுண்ணுயிர்கள். மறுபக்கம் மின்சாரம் கடந்துபோவதற்காக சோடியம் சல்பேட் கரைத்த தண்ணீர். வேதியியலில் அதுவும் ஓர் உப்புதான். வாய்க்கு வசதியாக நான் ஒன்றுக்குப் பூச்சிப் பக்கம் என்றும் மற்றதற்கு உப்புப் பக்கம் என்றும் பெயர் வைத்தேன். அந்தப் பெயரை வைத்தவள் நான்தான்.

ஒயரிங் வேலைக்கு வந்தவர்தான் இன்னொருவாட்டி; அவரையே தினப்படி பராமரிப்புக்கும் வைத்துக்கொண்டோம். காலையில் வந்து மீட்டர் பார்க்க வேண்டும். தண்ணீர் குறைந்திருந்தால், டப்பாவிலிருக்கும் வெள்ளைப் பவுடரைக் கரைத்து ஊற்ற வேண்டும். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒடிசலான ஆள். காலுக்குக் கீழே ஒரு பலகைத் துண்டு இல்லாமல் எந்தச் சுவரையும் நெருங்க மாட்டார். வேலை செய்யும்போது இடது கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொள்வார். இரண்டு கையும் வெளியே இருந்தால் கரண்ட் ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கும்போது நடுவில் நெஞ்சு மாட்டிக்கொள்ளும் என்பது கணக்கு.

"இதுல எத்தினி வோல்ட்டு?" என்று முதல் நாள் கேட்டார்.

"ரெண்டரைதான் ணா. டார்ச் லைட்டைவிடக் கம்மி."

"இன்னொருவாட்டி சொல்லுங்க."

"ரெண்டரை! நாக்குல வச்சாக்கூட ஒண்ணும் ஆகாது."

டெஸ்டரை வைத்துப் பார்த்தார். அவ்வளவு குறைந்த மின்சாரத்துக்கு அது எரியாது. அவர் முகம் இன்னும் சுருங்கியது. "கீதுன்னு நீங்க சொல்றீங்க. இல்லன்னு இது சொல்லுது. நான் யாரை நம்பறது?"

பெட்டிக்குள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கரிக்கம்பளத்தின் மேல் மெல்லிய பழுப்புப் படலம். அதுதான் அவை. சத்தமில்லை, அசைவில்லை.

"கரண்ட்டு தின்னா எதுவும் சாவும். காக்கா சாவுது, மாடு சாவுது. இதுங்க தின்னுட்டு உசுரோட கீதுங்களே மேடம்."

"அதான் ணா அதிசயமே!"

"எனக்குப் பயமா கீது," என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கையில் முடி சிலிர்த்திருந்ததைப் பார்த்தேன்.

நான் சிரித்தேன். அந்த வருடம் முழுக்க அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன். ஒருநாள் நிலத்துக்காரர் வீட்டில் ஏதோ பழுது பார்த்துவிட்டு, பீஸ் கட்டையைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார். சித்திரை வெயில். வீட்டில் ஃபேன் ஓடவில்லை. நிலத்துக்காரர் பனியனோடு சைக்கிளில் துரத்திக்கொண்டு போய், "யோவ், எங்க வூட்டு கரண்ட்டப் பாக்கெட்டுல போட்டுக்கினு நீ கொழம்பு ஊத்தித் துன்றியா?" என்று தெருவில் நின்று கத்தினார். இவர் கையைக்கூடக் கழுவாமல் எழுந்துவந்து, "வூட்ல யாரும் ஒயரைத் தொடலியே? நெசமா தொடலியே?" என்று கேட்டாராம்.

இந்தக் கேள்வி நோயைக் குணப்படுத்தியே தீருவது என்று எனக்கு ஓர் ஆசை வந்தது. பந்தயம் வைத்தேன். ஒரு விஷயத்தை இரண்டாம் முறை கேட்டால் அவர் எனக்கு டீ வாங்கித்தர வேண்டும். முதல் வாரம் டீ குடித்தே எனக்கு வயிறு புண்ணானது. பிறகு குறைந்தது. கேள்வி வாய்வரை வருவதும், என்னைப் பார்த்துவிட்டு அதை விழுங்குவதும் தெரியும். தொண்டை ஏறி இறங்கும். "சபாஷ் ணா!" என்று கை தட்டுவேன்.

அந்த நாட்களில்தான் ஒரு மத்தியானம் தானாகவே சொன்னார்.

"கரும்புக் கொல்லையில ஒரு மோட்டார் கொட்டாய். ஒருத்தன் கெணத்துமேட்டுல ஒயரப் புடிச்சிக்கினு கீறான். இன்னொருத்தன் கொட்டாயில சுச்சு போர்டாண்ட நிக்கறான். பக்கத்துல டிராக்டரு ஓடுது. மேட்டுல கீறவன் 'போடாத'ன்னு கத்தறான். டிராக்டர் சத்தத்துல பாதிதான் வந்துது. சுச்சாண்ட கீறவன் காதுல 'போடு'ன்னு வுழுந்துச்சு. போட்டுட்டான்."

"ஐயோ. செத்துட்டாரா?"

"சாவல. வலது கையில ரெண்டு வெரலு இல்ல." கொஞ்சம் நிறுத்தி, "கரண்ட்டுக்குக் காது கெடையாது மேடம். நாமதான் கேட்டுக்கணும்," என்றார்.

இதற்கு நான் என்ன சொன்னேன்? "கதை சூப்பர் ணா, ஆனா இது ரெண்டரை வோல்ட்டு," என்றேன்.

அந்தக் காலை எனக்கு நிமிஷம் நிமிஷமாக நினைவிருக்கிறது. புதுச்சேரியில் ஒரு கருத்தரங்கு. எங்கள் ஆறு பெட்டிகளைப் பற்றி நான் பேசப்போகிறேன். அடுத்த பெயர் என்னுடையது. வராந்தாவில் நின்றபடி படங்களைக் கடைசியாகப் புரட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"மேடம், உப்புப் பக்கம் தண்ணி எறங்கிப் போச்சு. டப்பாவுல பவுடரு இல்ல. தீந்துடுச்சி."

"உப்பு போட்டு ஊத்துங்க ணா." புது டப்பா அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது, அவருக்குத் தெரியும் என்று நினைத்தேன். தெரியாது. நான் வாங்கி வைத்ததை அவரிடம் சொல்லவே இல்லை.

"உப்புன்னா... உப்பா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உப்புன்னா உப்புதாண்ணா!"

"இல்ல மேடம், இன்னொரு..."

"அண்ணா! டீ!" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவர் மளிகைக் கடைக்குப் போய்க் கல்லுப்பு வாங்கிவந்தார். கரைத்து ஆறு பெட்டிகளிலும் ஊற்றினார். சமையல் உப்புத் தண்ணீரில் மின்சாரம் போனால் குளோரின் வாயு வரும். இது பள்ளிக்கூடப் பாடம். பெட்டியிலிருந்து வாயு வெளியே போக ஜன்னல் வழியாகக் குழாய் விட்டிருந்தோம். அன்றைக்குப் பக்கத்து வயலில் அறுவடை மிஷின் ஓடியது. தூசும் வைக்கோலும் உள்ளே வராமலிருக்கக் குழாயை உள்ளே இழுத்துக்கொண்டு ஜன்னலைச் சாத்தியிருந்தார். நல்ல வெயில், சோலார் முழு வேகத்தில் வேலை செய்தது. ஏதோ வாடை வருகிறதே என்று ஒரு மூடியைத் திறந்து, குனிந்து பார்த்திருக்கிறார்.

நான் மேடையில் பேசிக்கொண்டிருந்தேன். கை தட்டினார்கள்.

மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வந்த நிலத்துக்காரர்தான் வாசலுக்கு வெளியே அவர் குப்புறக் கிடப்பதைப் பார்த்தது. வாயில் நுரை. கண் திறக்கவில்லை. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் மனைவி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சேதராப்பட்டு கம்பெனி யூனிஃபார்ம், தலையில் வலைத்தொப்பி. ஷிப்டிலிருந்து அப்படியே வந்திருந்தார். உள்ளே கழற்றிக் கொடுத்த கணவரின் சட்டை மடியில் இருந்தது. அதன் பையிலிருந்து ஒரு பொருளை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இது இன்னா மேடம்? உங்குளுதா?"

எங்கள் அறையின் பீஸ் கட்டை. மூச்சு அடைத்துக்கொண்டிருந்த நேரத்திலும் அதைப் பிடுங்கி, மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் வெளியே வந்து விழுந்திருக்கிறார். எங்களுதுதான் என்று வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் பேராசிரியர் போனில் கேட்டார். "சமையல் உப்பு போடச் சொன்னது யார்?"

"நான் சல்பேட்னுதான் சார் சொன்னேன். அவர் தப்பா கேட்டுக்கிட்டார்."

யோசித்துச் சொன்னதில்லை. சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்றே எனக்குத் தெரிந்தது. அதற்குப் பின் எனக்கு இரண்டு பயங்கள். அவர் செத்துவிடுவாரோ என்பது ஒன்று. பிழைத்துவந்து பேசுவாரோ என்பது இன்னொன்று. இரண்டாவது பயம் வரும்போதெல்லாம் முதல் பயத்தை வலிய அழைத்துக்கொண்டேன். அப்போதுதான் நான் நல்லவள் என்று எனக்கே கொஞ்சம் தோன்றும்.

ஐந்தாம் நாள் அவருக்குக் குரல் வந்தது. காற்றும் கரகரப்புமாக ஒரு குரல். மனைவி டீ வாங்கப் போயிருந்தார். நான் தனியாக நின்றேன். ஆக்சிஜன் முகமூடியைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, "அன்னிக்கி போன்ல நீங்க இன்னா சொன்னீங்க மேடம்? இன்னொருவாட்டி சொல்லுங்க," என்றார்.

கண் என் வாயையே பார்த்தது.

"சல்பேட்னு சொன்னேண்ணா."

தலையாட்டினார். முகமூடியை இறக்கிக்கொண்டார். நான் காத்திருந்தேன், மறுபடியும் கேட்பார் என்று. கேட்கவில்லை. அவரை அறிந்த நாளிலிருந்து ஒரு பதிலை முதல் தடவையிலேயே அவர் ஏற்றுக்கொண்டது அன்றுதான்.

திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். பெட்டிகளைக் காலி செய்யப் போனேன். பழுப்புப் படலமெல்லாம் வெளுத்து நூல் நூலாகத் தொங்கியது. அறை முழுக்க பிளீச்சிங் பவுடர் வாடை. அதற்குப் பிறகு வீட்டில் அம்மா பிளீச்சிங் போட்டுத் தண்ணீர்த் தொட்டி கழுவினால்கூட நான் மாடிக்கு ஓடிவிடுவேன். எனக்குச் சளி, அந்த வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா நினைத்துக்கொண்டார்.

அவர் வேலைக்குத் திரும்பவில்லை என்று கேள்விப்பட்டேன். நுரையீரல் தேறிவிட்டதாம், மாடி ஏறினால் மட்டும் இரைக்கிறதாம். ஆனாலும் ஒயரைத் தொட மாட்டேன் என்கிறாராம். வருத்தப்பட்டேன். வருத்தப்படுவதில் ஆபத்தில்லை. ஏழு மாதம் அப்படியே போனது. எனக்கு வெளியூரில் முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைத்தது; பேராசிரியர் பரிந்துரைக் கடிதம் கொடுத்திருந்தார். கிளம்புமுன் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். சொல்லிவிடும் எண்ணமெல்லாம் இல்லை.

அவர் மனைவி வாசல் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். உள்ளே போன் அடித்தது. எட்டிப் பார்த்துவிட்டு, "பண்டசோழநல்லூர்ல ஒருத்தரு, மோட்டாரு எரிஞ்சிபோச்சின்னு மூணு நாளா கூப்புடறாரு. இவரு எடுக்கவே மாட்டேங்குறாரு," என்றார்.

"மூச்சு கஷ்டமா இருக்கோ என்னவோ."

"மூச்சு இல்ல மேடம், காது." குரலைத் தாழ்த்தினார். "காது டாக்டராண்ட போனாரு. காதுல ஒண்ணுமில்லன்னுட்டாங்க. அப்ப மண்டையிலதான் கோளாறுன்றாரு. ஒருத்தர் சொல்றது ஒண்ணு, என் காதுல வுழறது ஒண்ணு, என் கையில ஒயரைக் குடுக்காதீங்கன்றாரு. அப்போ எங்க அண்ணன் வெரலு பூடுச்சில்ல, அதுமாதிரியே மறுபடியும் ஆயிடுச்சின்னு ஒரே பொலம்பலு."

"உங்க அண்ணனா?"

"சொல்லலியா? மோட்டார் கொட்டாயில சுச்சி போட்டது இவருதான மேடம். 'போடாத'ன்னு எங்க அண்ணன் கத்துனது இவருக்கு 'போடு'ன்னு கேட்டுச்சி. அதுலேந்துதான இந்த இன்னொருவாட்டி."

ஆப்பிள் பை கையில் கனத்தது. கேட்டைத் திறந்துகொண்டு போய்விடலாம். ஸ்கூட்டி பத்தடியில் நிற்கிறது. அந்தப் பத்தடியை நான் கண்ணால் அளந்தேன் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

உள்ளே போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "வாங்க மேடம்," என்று எழப் பார்த்தார்.

"அண்ணா, உங்க காது சரியாத்தான் இருக்கு. நான் உப்புன்னுதான் சொன்னேன். சல்பேட்னு சொல்லவே இல்ல. அன்னிக்கி ஆஸ்பத்திரியில பொய் சொன்னேன்."

வாசலில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. அவர் மனைவி ஈரக் கையோடு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் மூச்சு மட்டும் கேட்டது. உள்ளே போகும்போது ஒரு விசில், வெளியே வரும்போது ஒரு விசில். அடிப்பாரோ என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன்.

"ஏழு மாசம்," என்றார். "ஏழு மாசமா என் பொண்டாட்டி சோத்துக்கு வான்னு கூப்புட்டாக்கூட, நெசமா கூப்புட்டாளான்னு எழுந்து போய்ப் பாத்துட்டு வந்து குந்திக்கினு கீறேன்."

"அண்ணா..."

"எழுது."

"என்னண்ணா?"

"இப்ப சொன்னத எழுது. எழுதிக் கையெழுத்து போடு." என்னை அவர் ஒருமையில் பேசியது அதுதான் முதல் முறை.

மனைவி ஒரு பழைய டைரியிலிருந்து தாள் கிழித்துக் கொடுத்தார். முழங்காலில் வைத்து எழுதினேன். கை தானாக அலுவலகத் தமிழில் ஓடியது. எழுதியதைப் படிக்கச் சொன்னார். படித்தேன். "தகவல் பரிமாற்றத்தில் ஏற்பட்ட குறைபாட்டின் காரணமாக..."

"நிறுத்து. யாரு யாருக்கு இன்னா பரிமாறுனது?"

பேனாவை மறுபடி எடுத்தேன்.

"அத்த அடிச்சிடு. நான் சொல்றத எழுது. அவரு சரியாத்தான் கேட்டாரு. உப்புன்னா உப்பான்னு கேட்டாரு. உப்புதான்னு நான் சொன்னேன். அப்புறமா பொய் சொன்னேன். எழுதுனியா? பேரு போடு. தேதி போடு."

போட்டேன். வாங்கி, எழுத்தெழுத்தாக விரலை ஓட்டித் தானே ஒருமுறை படித்தார். பிறகு நான்காக மடித்தார். இந்தத் தாள் பேராசிரியரிடம் போனால் பரிந்துரைக் கடிதம் போகும், படிப்பு போகும். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது.

அவர் மனைவியிடம் திரும்பினார். "அந்தப் பண்டசோழநல்லூர்க்காரனுக்கு போனப் போடு. காலையில வரேன்னு சொல்லு."

மனைவி போனைத் தேடி உள்ளே ஓடினார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"இன்னும் இன்னா?"

"அந்தப் பேப்பரை யார்கிட்டண்ணா குடுப்பீங்க?"

என்னை நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை.

"பயமா கீதா?"

"ஆமாண்ணா."

"இருக்கட்டும்," என்றார்.